அல்பிரட்டின் படமும் நான் சொன்ன பொய்யும்

அல்பிரட் இறந்துவிட்டார் என்று அவருடைய தமக்கை ஜசிந்தா தொலைபேசியில் சொன்னபோது, நான் லா சப்பலில், எங்கள் தமிழ்க் கடைத்தெருவில், என் மொழிபெயர்ப்பு அலுவலகத்தில் ஒருவருடைய அகதி வழக்கை எழுதிக்கொண்டிருந்தேன். எதிரில் இருந்தவர் தன் தமையன் காணாமல்போன கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். கையைக் காட்டி அவரை நிறுத்தினேன். “மாஸ்டர், தம்பி காலமை போட்டான். இருதயம்,” என்றார் ஜசிந்தா. இப்படியான நேரங்களில் சொல்லவேண்டியவற்றைச் சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டு, வழக்கின் மீதியை எழுதி முடித்தேன். எனக்கு முதலில் வந்தது துக்கம் அல்ல, நிம்மதி. இனி கார் து நோர் நிலையத்தில் அவரைக் கண்டால் எந்தப் பக்கம் திரும்புவது என்று யோசிக்கத் தேவையில்லை என்றுதான் நினைத்தேன்.

அடக்கம் முடிந்து நாலாம் நாள் ஜசிந்தா அலுவலகத்துக்கு வந்தார். முப்பத்தோராம் நாள் பூசைக்கு நினைவு மலர் அடிக்கிறார்களாம். முதல் கட்டுரை நான் எழுதவேண்டுமாம். வேறு யாராவது எழுதட்டுமே என்றேன். “இல்லை மாஸ்டர். ஆஸ்பத்திரியிலை கிடக்கேக்கை அவனே சொன்னவன். மாஸ்டர்தான் எழுதவேணும், அவர் எழுதுறதை ஒரு வரியும் வெட்டாமல் போடுங்கோ எண்டு.” அந்தப் பெண்ணுக்கு இதில் இருந்த குத்தல் விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. அல்பிரட்டுக்கு என்னை நன்றாகத் தெரியும். கட்டிலில் கிடந்தபடியே எனக்கு ஒரு பொறி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

அவரைத் தெரியாத இளையவர்களுக்காக இதைச் சொல்லவேண்டும். 2009இல் லா சப்பலில் அல்பிரட்டைத் தெரியாத குடும்பம் இல்லை. மன்னார்க்காரர். கலியாணம், பெண்பிள்ளை பெரியவளாகும் சாமத்தியவீடு, முதல்நன்மை, எது நடந்தாலும் அவருடைய கமெரா அங்கே நிற்கும். அதிகம் பேசமாட்டார், பேசினால் கடிப்பார். மாப்பிள்ளை பெண்ணைப் பார்த்துச் சிரிக்க மறந்தால் மற்ற வீடியோக்காரர்கள் “சிரியுங்கோ” என்பார்கள். இவர் சொல்லமாட்டார். “சிரிப்பை எடுக்க எல்லாருக்கும் தெரியும். சிரிக்க முந்தி ஒரு முகம் இருக்கு, அதை எடுக்கவேணும்,” என்பார். இதனால் சில கலியாண வீடியோக்களைப் பெற்றோர் ஒருமுறை பார்த்துவிட்டு அலமாரியில் பூட்டி வைத்தார்கள் என்றும் கேள்வி.

அந்த வருட இலையுதிர்காலத்தில் என் மகள் ஆரணி வடக்குப் புறநகரில் ஒரு பல்கலைக்கழகத்தில் முதலாம் வருடம் சேர்ந்தாள். அந்தக் குளிர்காலத்திலேயே அல்பிரட் ஓல்னே-சூ-புவாவில் என் வீட்டுக்கு வந்தார். ஒரு படம் எடுக்கப்போவதாகச் சொன்னார். கதை பல்கலைக்கழகத்து முதலாம் வருட மாணவர்களைப் பற்றியது. வெள்ளைப் பிள்ளைகள், கறுப்புப் பிள்ளைகள், எங்கள் பிள்ளைகள் ஒரே மேசையில் இருந்து ஒருவரை ஒருவர் எப்படிப் பார்க்கிறார்கள் என்பதுதான் விஷயம். நடிப்பதற்கு ஆரணியும் அவளுடைய வகுப்புப் பிள்ளைகளும் வேண்டும், வசனத்துக்கு நான் வேண்டும் என்றார். ஊரில் போர் முடிந்த அந்த மே மாதத்துக்குப் பிறகு எங்களில் எழுதத் தெரிந்தவர்கள் எல்லோரும் மற்றவர்கள் எங்களுக்கு என்ன செய்தார்கள் என்பதை மட்டுமே எழுதிக்கொண்டிருந்த காலம் அது. இதுவும் அப்படி ஒன்று, வெள்ளைக்காரன் எங்கள் பிள்ளைகளை எப்படி நடத்துகிறான் என்ற படம் என்று நானே முடிவுசெய்து சம்மதித்தேன். அன்றைக்கு என் மனைவி அவருக்குக் காகிதக் கோப்பையில் தேத்தண்ணி கொடுத்தாள். அல்பிரட் என்ன ஆட்கள், என்ன சாதி என்று நான் ஏற்கெனவே விசாரித்து வைத்திருந்தேன், அதை அவளுக்கும் சொல்லியிருந்தேன். இதை நான் மறைத்தால் இந்தக் கட்டுரையை எழுதுவதில் பிரயோசனம் இல்லை.

மூன்று மாதம் இருந்து வசனம் எழுதினேன். மாணவர்கள் சமத்துவம் பற்றியும் மனிதம் பற்றியும் பந்தி பந்தியாகப் பேசினார்கள். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் பேச்சுப்போட்டிக்கு எழுதிக்கொடுத்துப் பழகிய கை. அல்பிரட் நின்றபடியே இரண்டு பக்கம் வாசித்தார். “மாஸ்டர், நல்ல கேஸ். கட்டாயம் விசா கிடைக்கும். படத்துக்கு உதவாது,” என்று தாள்களை ஒழுங்காக அடுக்கி என் மேசையில் வைத்தார். என் எழுத்தை முகத்துக்கு நேரே அப்படிச் சொன்னவர் அவர் ஒருவர்தான், அவர் சொன்னதும் சரி. கடைசியில் வசனம் இல்லாமலே படம் எடுத்தார். இந்த இடத்தில் உங்கள் வீட்டில் என்ன சொல்வார்கள் என்று பிள்ளைகளைக் கேட்டு, அவர்கள் சொன்னதையே பேசவைத்தார்.

படத்தின் கதை சின்னது. கமிய் என்ற வெள்ளைக்காரப் பிள்ளையின் கணினி நூலகத்தில் காணாமல் போகிறது. அவளோடு ஒரே குழுவில் படிக்கும் இசா என்ற மாலிக்காரப் பையன்மீது சந்தேகம் விழுகிறது. அந்த நேரத்தில் இசா தன்னோடு நிலையத்தடியில் கோப்பி குடித்துக்கொண்டிருந்தான் என்பது தமிழ்ப் பிள்ளைக்குத் தெரியும். சொன்னால் அவன் தப்புவான். ஆனால் கறுப்புப் பையனோடு தனியாக இருந்தது அவள் வீட்டுக்குத் தெரியவரும். அவள் வாய் திறக்கவில்லை. இசா பல்கலைக்கழகத்தை விட்டுப் போகிறான். அவ்வளவுதான். நடித்த மூவருக்கும் அவரவர் பெயரையே வைத்தார். கமியும் இசாவும் ஆரணியின் வகுப்புத் தோழர்கள். இசா வில்லியே லே பெல்லில் வளர்ந்தவன். உயரமான, மெதுவாகப் பேசும் பிள்ளை.

படப்பிடிப்பில் அல்பிரட் செய்த ஒரு வேலையை நான் நேரில் பார்த்தேன். கமிய் இசாவைச் சந்தேகத்தோடு பார்க்கவேண்டிய காட்சி. காலையிலிருந்து எடுத்தும் சரிவரவில்லை. சாப்பாட்டு இடைவேளையில் கமியுடைய கைத்தொலைபேசி காணாமல் போனது. எல்லோரும் தேடினார்கள். யாரும் எதுவும் சொல்லவில்லை. ஆனால் கமிய் ஒருமுறை நிமிர்ந்து இசாவின் பையைப் பார்த்தாள். ஆரணியும் பார்த்தாள். நானும் பார்த்தேன். கமெரா ஓடிக்கொண்டிருந்தது. பிறகு அல்பிரட் தன் பைக்குள் இருந்து தொலைபேசியை எடுத்து மேசையில் வைத்தார். “ஒருத்தரும் என்ரை பையைப் பாக்கேல்லை,” என்றார். கமிய் குலுங்கிக் குலுங்கி அழுதாள். இசா யாரோடும் பேசாமல் தன் மேற்சட்டையை எடுத்துக்கொண்டு போனான். இரண்டு நாள் வரவில்லை.

“உது சரியில்லை, அல்பிரட். பிள்ளையளோட உப்பிடி விளையாடக்கூடாது நீர்,” என்றேன். “விளையாட்டு எண்டு ஆர் சொன்னது? நான் ஒண்டும் புதுசாப் போடேல்லை மாஸ்டர். உள்ளை கிடந்ததைத்தான் எடுத்தன்,” என்றார். இது கொடுமை. இன்றைக்கும் கொடுமை என்றுதான் சொல்வேன். அவரைப் புகழ வந்த இடத்தில் இதை விட்டுவிட எனக்கு மனமில்லை. பிள்ளைகளின் நட்பு அதற்குப் பிறகு பழையபடி இருக்கவில்லை என்று ஆரணி சொல்லியிருக்கிறாள். மூன்றாம் நாள் இசா திரும்பி வந்தபோது அல்பிரட் எல்லோருக்கும் முன்னால் அவனிடம் மன்னிப்புக் கேட்டார். அந்தத் துணிவு எனக்கு இல்லை.

அடுத்த ஞாயிறு ஒத்திகை என் வீட்டில். வரவேற்பறையில் ஆரணி, இசா, கமிய். மூலையில் அல்பிரட் கமெராவை முக்காலியில் பூட்டி வெளிச்சம் பார்த்துக்கொண்டிருந்தார். என் மனைவி தேத்தண்ணியும் ரோல்சும் கொண்டுவந்தாள். எங்கள் வீடுகளில் ஒரு பழக்கம் இருக்கிறது, இதை வாசிக்கிற நீங்களும் அறிவீர்கள். வேற்று மனிதர் முன்னால் முகத்தைச் சிரித்தபடி வைத்துக்கொண்டு, உபசரிக்கிற குரலிலேயே தமிழில் எதையும் சொல்லலாம் என்று நினைக்கிறோம். நானும் இசாவைப் பார்த்துச் சிரித்தபடி மனைவிக்குச் சொன்னேன்: “கறுவலுக்கு உந்த வெடிச்ச கோப்பையிலை கொடும். குடிச்சாப்பிறகு எறிஞ்சுவிடலாம்.” மனைவி அப்படியே செய்தாள். ஆரணி குனிந்து தன் தாளைப் பார்த்தாள். இசா இரண்டு கையாலும் கோப்பையை வாங்கிக் குடித்துவிட்டு, பிரெஞ்சில் நன்றி சொன்னான். நல்ல மரியாதையான பிள்ளை என்றுகூட நான் நினைத்தேன்.

2011இல் புறநகரில் ஒரு மண்டபத்தில் படத்தைத் திரையிட்டோம். முந்நூறு பேர் இருந்திருப்பார்கள். எல்லோரும் என்னைப் போலவே எதிர்பார்த்து வந்தவர்கள். வெள்ளைக்காரன் ஏசுவான், எங்கள் பிள்ளை அழும், நாங்கள் கை தட்டலாம். படத்தின் பாதியில் தமிழ்ப் பிள்ளையின் வீடு வருகிறது. தகப்பனாக ஓர் உணவகச் சமையல்காரர் நடித்திருந்தார். அவர் இசாவைப் பார்த்துச் சிரித்தபடி நான் சொன்ன அதே சொற்களைச் சொன்னார். ஒரு சொல்கூட மாறவில்லை. திரையில் ஆரணி குனிந்து தாளைப் பார்த்தாள். இசா தேத்தண்ணியைக் குடித்து முடித்தான். பிறகு தமிழில், லா சப்பல் தமிழில் சொன்னான்: “தேத்தண்ணி நல்லாயிருக்கு ஐயா. கோப்பையை நானே எறிஞ்சுவிடுறன்.”

நான் எழுந்து வாசலுக்குப் போனேன். ஆரணி பின்னால் வந்தாள். “அவனுக்குத் தமிழ் தெரியுமோ?” என்று கேட்டேன். வேறு எதையும் கேட்கத் தோன்றவில்லை. வழக்கமாகப் பிரெஞ்சில் பதில் சொல்பவள் அன்றைக்குத் தமிழில் சொன்னாள்: “ரெண்டு வருசமா சனி ஞாயிறிலை லா சப்பலிலை பாத்திரம் கழுவுறான் அப்பா. நீங்கள் குடிச்ச கோப்பையும் கழுவியிருப்பான்.” ஒத்திகை நாளில் அவன் எல்லாவற்றையும் விளங்கிக்கொண்டுதான் குடித்திருக்கிறான். அது அவளுக்கும் தெரிந்திருக்கிறது, அல்பிரட்டுக்கும் தெரிந்திருக்கிறது. தெரியாமல் இருந்தவன் நான் ஒருவன்தான்.

நான் அத்தோடு வீட்டுக்குப் போயிருந்தால் எனக்கு ஒன்றும் நடந்திருக்காது. அந்தத் தகப்பன் நான்தான் என்று மண்டபத்தில் வேறு யாருக்கும் தெரியாது. அல்பிரட் என் பெயரை எங்கும் சொல்லவில்லை. ஆனால் எனக்குள் இருந்த அவமானம் அப்போது கோபமாக மாறிவிட்டது. படம் முடிந்து கருத்துச் சொல்லும் நேரம் வந்ததும் ஒலிவாங்கியை வாங்கினேன். எனக்குப் பேசத் தெரியும். எந்தச் சொல் எங்கே விழுந்தால் எது உடையும் என்றும் தெரியும். அதுதான் என் தொழில்.

“படத்தைப்பற்றி நான் கதைக்க வரேல்லை,” என்று தொடங்கினேன். “ஒண்டு மட்டும் கேக்கிறன். இவர் எங்கட பெம்பிளைப் பிள்ளையளின்ரை சாமத்தியவீட்டுக்குக் கமெராவோட வாறவர். பிள்ளையள் உடுப்பு மாத்திற அறை வரைக்கும் போறவர். அங்கை என்ன எடுத்தவர், எதை வெட்டினவர், எதை வெட்டாமல் வைச்சிருக்கிறார் எண்டு ஆருக்குத் தெரியும்? பிள்ளை வைச்சிருக்கிற ஆக்கள் யோசிச்சுக்கொள்ளுங்கோ.” இதற்கு மேல் ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஒலிவாங்கியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இருந்தேன். அல்பிரட் மேடையில் நின்றார். அந்தக் கேள்விக்கு எந்த ஆணாலும் சொல்லக்கூடிய பதில் இல்லை என்பது எனக்குத் தெரிந்திருந்தது.

மறுநாளே ஒரு தாய் தன் மகளுடைய விழாவின் மூல ஒளிநாடாக்களைத் திருப்பிக் கேட்டார். பிறகு இன்னொருவர். அந்தக் கோடைக்கு அவரிடம் பதிந்திருந்த கலியாணங்கள் ஒவ்வொன்றாக வேறு ஆளிடம் போயின. யாரும் காரணம் சொல்லவில்லை, அல்பிரட்டும் கேட்கவில்லை. கேட்டவர்களுக்கு மட்டுமல்ல, கேட்காதவர்களுக்கும் நாடாக்களைப் பெட்டியில் அடுக்கி, பேருந்திலும் தொடருந்திலும் தூக்கிக்கொண்டு வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தார். சில வீடுகளில் கதவைப் பாதி திறந்து வாங்கினார்கள். ஒரு வீட்டில் அவர் முன்னாலேயே எண்ணிப் பார்த்தார்கள். இதையெல்லாம் மற்றவர்கள் சொல்லக் கேட்டேன். கேட்டபோது எனக்குச் சந்தோசமாக இருந்தது என்பதையும் எழுதுகிறேன்.

என் வீட்டுக்கும் வந்தார். நான் உள்ளறையில் இருந்தேன், வெளியே வரவில்லை. மனைவியின் கையில் ஒரு நாடாவைக் கொடுத்து, “இது மாஸ்டரின்ரை. ஒத்திகை அண்டைக்கு எடுத்தது. வேறை பிரதி இல்லை, பயப்படவேண்டாம் எண்டு சொல்லுங்கோ,” என்றார். என் குரலும் என் முகமும் அந்தக் கோப்பையும் அதில் இருந்தன. அதை அவர் மண்டபத்தில் போட்டுக் காட்டியிருக்கலாம். நான் அவரைப் பற்றிச் சொன்ன பிறகாவது போட்டிருக்கலாம். போட்டிருந்தால் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் என் நாற்காலி அடுத்த வாரமே போயிருக்கும். அவர் போடவில்லை. நான் நாடாவை வெளியே இழுத்துக் கத்தரித்துக் குப்பையில் போட்டேன். அவருடைய கண்ணியத்துக்கு நான் செய்த மரியாதை அது.

ஆரணி அந்த மாதமே வீட்டை விட்டுப் போனாள். இப்போது லியோனில் இருக்கிறாள். தாயோடு கதைப்பாள். என்னோடு கதைக்க ஒரு நிபந்தனை வைத்தாள், பதின்மூன்று வருடமாக அதை மாற்றவில்லை. எந்தச் சனத்துக்கு முன்னால் அந்தப் பொய்யைச் சொன்னேனோ, அதே சனத்துக்கு முன்னால் பொய் என்று சொல்லவேண்டும். அவளுடைய சாமத்தியவீட்டை எடுத்தவரும் அல்பிரட்தான். உடுப்பு மாற்றும் அறைக்கு வெளியே, கமெராவை நிலத்தில் வைத்துவிட்டு, சுவரைப் பார்த்தபடி அவர் காத்துக்கொண்டு நின்றது அவளுக்கு நினைவிருந்தது. எனக்கும் நினைவிருந்தது. ஒலிவாங்கியைப் பிடித்தபோதும் நினைவிருந்தது.

நாலைந்து வருடம் கழித்து கார் து நோரில் தொடருந்து மேடையில் அவரோடு முட்டுப்பட்டேன். மெலிந்திருந்தார். பிழைப்புக்கு லா சப்பலில் ஓர் உணவகத்தில் பாத்திரம் கழுவப் போயிருந்தார். கை விரல்கள் வெளுத்து ஊறியிருந்தன. நான் நழுவப் பார்த்தேன், அவர் விடவில்லை. “மாஸ்டர், உங்கட வசனத்தை அண்டைக்கு நான் உதவாது எண்டு சொன்னது பிழை,” என்றார். “மண்டபத்திலை சொன்னீங்கள் பாருங்கோ, நாலே நாலு வரி. அந்தப் படத்திலையே அப்பிடி ஒரு வசனம் இல்லை. வெட்ட ஒரு சொல்லும் இல்லை.” பகிடியாகத்தான் சொன்னார். தொடருந்து வந்தது, ஏறிப் போய்விட்டார். அவர் என்னை அடித்திருந்தால் நான் அன்றைக்கு நன்றாக நித்திரை கொண்டிருப்பேன்.

அடக்கத்துக்கு நாற்பது பேர்கூட இல்லை. தங்கள் கலியாணத்தைப் படமெடுக்க அவரைக் கூப்பிட்டவர்களில் ஒரு குடும்பம்தான் வந்திருந்தது. பெட்டியைத் தூக்கியவர்களில் முன்னால் நின்றவன் இசா. ஆளைப் பார்த்ததும் எனக்கு அடையாளம் தெரிந்தது, அவனுக்கும் தெரிந்தது. “வணக்கம் ஐயா,” என்று தமிழில் சொல்லிவிட்டு நடந்தான். அதில் குத்தல் எதுவும் இல்லை. ஆரணி லியோனிலிருந்து வந்திருந்தாள். மண் போட்டு முடிந்ததும் அவளருகில் போய், “நான் அல்பிரட்டிட்டை மன்னிப்புக் கேக்கத்தான் இருந்தனான்,” என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை. “அவருக்கு இனிக் கேக்காது அப்பா. கேக்கிற ஆக்களிட்டைச் சொல்லுங்கோ,” என்று சொல்லிவிட்டு இசாவோடு போனாள்.

ஆகவே கேட்கிறவர்களுக்குச் சொல்கிறேன். 2011இல் அந்த மண்டபத்தில் அல்பிரட்டைப் பற்றி நான் சொன்னது பொய். தவறான புரிதல் அல்ல, வாய்தவறி வந்ததும் அல்ல. பொய் என்று தெரிந்து, அது அவரை என்ன செய்யும் என்றும் தெரிந்து சொன்ன பொய். படத்தில் வரும் தகப்பன் நான். உங்கள் பிள்ளைகளின் அறைக்குள் அவர் ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை. அது உங்களில் பலருக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்தும் நாடாக்களைத் திருப்பிக் கேட்டீர்கள். என் பங்கை நான் சொல்லிவிட்டேன், உங்கள் பங்கை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

அவரை எனக்குப் பிடித்தது என்று சொல்லமாட்டேன். என்னைவிடத் தாழ்ந்தவர் என்று நினைத்துப் பழகினேன், என்னைவிடப் பெரியவர் என்று தெரிந்தபோது வெறுத்தேன். இப்படியான கட்டுரைகளின் முடிவில், போனவரிடமிருந்து நமக்கு என்ன மிஞ்சியிருக்கிறது என்று எழுதுவோம். நானும் பலருக்கு எழுதியிருக்கிறேன், புன்னகை என்றும் பண்பு என்றும். அல்பிரட்டுடையது என்று என்னிடம் இருப்பது அவருடைய நல்ல பெயர் மட்டும்தான். அதை அவர் எனக்குத் தரவில்லை. உங்களுக்கு முன்னால் நான் பறித்தேன். பதின்மூன்று வருடம் அவர் இதே தெருக்களில் நடந்து திரிந்தார், கூப்பிட்டுக் கொடுத்திருக்கலாம். நான் கொடுக்கவில்லை. இப்போது வாங்குவதற்கு அவர் இல்லை. நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள்.